மூன்று மணி எண்

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் துறைமுகத்தில் வெயிலைப் பற்றிப் பேசுவதை எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. கடலும் சாம்பல் நிறம், வானமும் சாம்பல் நிறம், நடுவில் அலைதடுப்புச் சுவர் மட்டும் கறுப்பாகத் தெரியும். முதல் இடி இடித்ததும் பனி வரப்போகிறது என்று பெண்கள் கூரை விளிம்பில் காயப்போட்ட முள்ளங்கியை அவிழ்த்து உள்ளே எடுப்பார்கள். அப்புறம் மார்ச் வரைக்கும் பனி மேலிருந்து விழுவதோடு நிற்காது. கடல்காற்று அதைத் தரையிலிருந்தும் அள்ளி முகத்தில் வீசும்.

தொகாஷி எய்ஜி அந்தக் காற்றில் குனிந்த தலையோடு நாற்பத்திரண்டு வருடம் ஐஸ் ஆலைக்குப் போய்வந்தவர். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் செய்து கொடுக்கும் ஆலை. அம்மோனியா வாயுவை அமுக்கும் மூன்று இயந்திரங்கள், நீச்சல்குளம் அளவுக்கு ஒரு உப்புநீர்த் தொட்டி, அதற்குள் வரிசை வரிசையாகத் தகரக் கூடுகள். ஒவ்வொரு கூட்டிலும் ஓர் ஆள் கனத்துக்கு இரண்டு மடங்கு ஐஸ் பாளம் உறையும். எய்ஜியின் வேலை குளிரையும் அழுத்தத்தையும் காட்டும் மானிகளைப் பார்ப்பது. மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு மானியின் முன்னாலும் நின்று, வலது கைச் சுட்டுவிரலை நீட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "உப்புநீர், மைனஸ் பத்து, சரி." சொன்ன பிறகுதான் பதிவேட்டில் எழுத வேண்டும். ரயில்காரர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். விரலும் வாயும் சேர்ந்து வேலை செய்தால் கண் ஏமாற்றாது என்பது கணக்கு.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் சுகவாரா என்ற கூட்டாளி மானியைப் பார்க்காமலே, முந்தைய மணிக்கு எழுதியிருந்த எண்ணை அடுத்த கட்டத்தில் அப்படியே எழுதிவிட்டான். அரை மணியில் குழாய் விட்டுப்போய் அம்மோனியா பீறிட்டது. சுகவாராவுக்கு ஒரு கண் போயிற்று. அன்றிலிருந்து எய்ஜி இன்னொருவர் எடுத்த அளவை நம்பியதில்லை. தான் நேரில் பார்த்து, விரல் நீட்டி, சொல்லி, எழுதியதுதான் எண். மற்றதெல்லாம் அவருக்கு வெறும் காகிதம்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வெளியே கிளம்பும்போது அடுப்பைப் பார்த்து விரல் நீட்டி, "அடுப்பு, அணைஞ்சாச்சு, சரி" என்பார். கதவைப் பார்த்து, "பூட்டு, சரி" என்பார். அவர் மனைவி தொமியே சிரிப்பாள்.

"படுக்கும்போது என்னையும் காட்டிச் சொல்லிடுங்க எய்சான். 'பொண்டாட்டி, ஒண்ணு, சரி'ன்னு. இல்லாட்டி கணக்குல விட்டுப்போயிடும்."

"நீ எங்க போயிடப் போற."

"அது மானியில தெரியாதே."

தொமியே மீன் பதப்படுத்தும் கொட்டகையில் கணவாய் அரிந்தவள். ஈரச் சிமெண்டுத் தரையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு முப்பது வருடம் நின்றாள். பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவர்கள் இருவரும், அலமாரிக்குள் இருக்கும் பூஜைமாடத்தில் எய்ஜியின் அப்பா அம்மா படமும்தான். புது அரிசி வந்தாலும், சம்பளச் சீட்டு வந்தாலும், யாராவது ஒரு பெட்டி பழம் கொடுத்தாலும் முதலில் அந்த மாடத்தின் முன்னால் வைத்து மணியைத் தட்டிவிட்டுத்தான் தொமியே பிரிப்பாள். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அவளுக்கு ஐம்பத்தேழு வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில், பிறகு சமதரையில். நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகிக்கொண்டு வருகிறது, திரும்பிச் சரியாகாது என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். எழுதிவிட்டு, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்து, இன்னொன்றும் சொன்னார். இந்தக் குளிரும் ஈரமும் இவளுக்கு ஆகாது, ஒவ்வொரு சளிக் காய்ச்சலும் நுரையீரலில் ஒரு துண்டைத் தின்றுவிட்டுத்தான் போகும், குளிர்காலத்தில் வெயிலடிக்கும் ஊராகப் பார்த்துப் போய்விட்டால் சில வருடம் கூடுதலாகக் கிடைக்கலாம்.

வெயிலடிக்கும் ஊர் ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொமியேயின் தங்கை சிசுயே தெற்கே எஹிமேயில் ஆரஞ்சு விவசாயி ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள். கடலைப் பார்த்த மலைச்சரிவில் தோட்டம். டிசம்பர்தோறும் ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்புவாள். பெட்டியைப் பிரித்ததும் தொமியே ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள்.

"வெயில் இன்னும் உள்ள இருக்கு, பாருங்க" என்பாள்.

சிசுயே போனில் அழுத்தமாகச் சொன்னாள். "அத்தான், தோட்டத்துக்குக் கீழ ஒரு வீடு காலியா கிடக்கு. வாடகை ஒண்ணும் பெரிசா கேக்க மாட்டாங்க. அக்காவைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. ஜனவரி மாசம் வாசல்ல உக்காந்து போர்வையில்லாம டீ குடிக்கலாம்."

"வரணும்னுதான் இருக்கு சிசுயே. கணக்கு வரட்டும்."

எய்ஜி கணக்குப் போட்டார். வேலையை விட்டுவிட்டால் அரசாங்க ஓய்வூதியம் மட்டும் செலவுக்குப் போதாது. பத்து வருடத்துக்காவது கையில் வைத்திருக்க வேண்டும். வாடகை, அரிசி, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஏழு லட்சம் யென் குறையும். ஆக எழுபது லட்சம். ஊர் வீட்டை விற்கலாமென்றால் எங்கள் துறைமுகத்தில் வீடு வாங்க ஆளில்லை. சும்மா கொடுத்தாலும் கூரைப் பனியை யார் தள்ளுவது என்று கேட்பார்கள். கையில் இருந்தது கம்பெனியின் ஓய்வுக்காலச் சேமிப்பு ஒன்றுதான்.

அந்தச் சேமிப்பு வந்த கதை இது. முன்பெல்லாம் வேலை முடிந்து போகிறவர்களுக்குக் கம்பெனியே ஒரு தொகை கொடுத்து அனுப்பும். எய்ஜிக்கு நாற்பத்தெட்டு வயதானபோது அதை மாற்றினார்கள். நகரத்திலிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்து, மீன்வாடை தாங்காமல் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, ஆலைச் சாப்பாட்டு அறையில் விளக்கம் சொன்னார். இனிமேல் பணத்தைத் தொழிலாளி பெயரிலேயே போட்டுவிடுவோம், எந்த நிதியில் வளர வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். ஒருவருக்கும் விளங்கவில்லை. எய்ஜி கை தூக்கி, எதில் போட்டால் தினமும் நானே அளவு பார்க்க முடியும் என்று கேட்டார். அந்த மனிதர் யோசித்துவிட்டு, குறியீட்டு நிதி என்று ஒன்று இருக்கிறது, பங்குச்சந்தை விலையைச் சொல்லும் நிக்கேய் எண்ணைப் பின்பற்றி ஓடும், அது ஏறினால் உங்கள் பணமும் ஏறும், அது இறங்கினால் இதுவும் இறங்கும், ரேடியோவிலேயே சொல்கிறார்களே என்றார்.

எய்ஜிக்கு அது போதுமாக இருந்தது. ஒரு நோட்டு வாங்கினார். அதுவரை சேர்ந்திருந்த பழைய தொகையை அந்த நிதியில் போட்ட நாளன்று நிக்கேய் எவ்வளவு, ஒவ்வொரு மாதமும் கம்பெனி போட்ட பணம் எவ்வளவு, அந்தச் சம்பளத் தேதியில் நிக்கேய் எவ்வளவு, எல்லாம் எழுதினார். மானி அறையின் ரேடியோ மதியம் மூன்று மணிக்குச் சந்தை முடிந்த எண்ணை வாசிக்கும். விரலை ரேடியோவை நோக்கி நீட்டித் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவார். பிறகு பெருக்கி, கூட்டி, தன் பணம் இன்றைக்கு இவ்வளவு என்று சிவப்பு மையில் எழுதுவார். அறுபது வயதோடு கம்பெனி பணம் போடுவதை நிறுத்திவிட்டது. அவரைப் பாதிச் சம்பளத்துக்குத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதன் பிறகும் நோட்டு நிற்கவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு நிர்வாகம் செய்யும் இடத்திலிருந்து அறிக்கை ஒன்று உறையில் வரும். தொமியே அதை மாடத்தின் முன்னால் வைத்து மணி தட்டிவிட்டுக் கேட்பாள்.

"பிரிக்கட்டுமா எய்சான்?"

"எதுக்கு? மாசக்கணக்குல பழசான எண். செத்த எண். இன்னைக்கு எண் என் நோட்டுல இருக்கு."

"இருந்தாலும் ஒரு தடவை ஒத்துப் பாக்கலாமில்ல."

"யாரோ ஒருத்தன் எங்கேயோ உக்காந்து எழுதினதை வெச்சு நான் பார்த்ததைச் சரிபார்க்கணுமா? உள்ள வை."

அவள் மாடத்தின் கீழ் இழுப்பறையில் வைத்துவிடுவாள். அதன் பேரில் சண்டை வந்ததில்லை. சண்டை போட்டிருக்கலாம்.

எய்ஜிக்கு அறுபது வயது முடிந்த வசந்தத்தில் நோட்டு அறுபத்தொரு லட்சம் காட்டியது. தொமியே அப்போது குச்சி இல்லாமல் நடந்தாள். கருவாட்டுக் கடைவரை போய்வருவாள், நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டால் போதும்.

"அறுபத்தொண்ணோடவே கிளம்பினா என்னங்க?" என்று ஒருநாள் சோறு பரிமாறும்போது கேட்டாள். "நான் கொஞ்சமாத்தான் சாப்பிடுறேன்."

"ஒம்போது லட்சம் குறையுது. அறுபத்தொரு வயசுல ஊர்விட்டு ஊர் போய் நடுவுல காசு தீர்ந்தா, தங்கச்சி வீட்டுல போய்க் கை நீட்டுறதா? குறியைத் தொடாம வால்வைத் திறக்கக் கூடாது தொமியே."

"சரி. நீங்க சொன்னா சரி."

"அடுத்த வருஷம் தொட்டுடும்."

அடுத்த வருடம் சந்தை விழுந்து நோட்டு ஐம்பதுக்குக் கீழே போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் தொமியேக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்தது. பிறகு எண் மெல்ல ஏறியது. இந்த வருடம் செப்டம்பர் கடைசியில் அது மறுபடி அறுபத்தொன்றைத் தொட்டது, தொட்ட மூன்றாவது வாரத்தில் அவளை நகர ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. மூக்கில் குழாய். சுவரில் ஒரு கண்ணாடிக் குழலுக்குள் சின்னக் குண்டு மிதந்து, ஆக்சிஜன் எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டியது. அக்டோபரில் டாக்டர் எய்ஜியை வெளியே கூப்பிட்டு, தெற்கே போகும் யோசனையை விட்டுவிடுங்கள், அவ்வளவு தூரம் இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். எய்ஜி அதைத் தொமியேயிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. இருவருக்கும் தெரிந்த விஷயம், பேச்சில் மட்டும் வரவில்லை.

நவம்பரில் முதல் இடி இடித்தது. இடியோடு கரைக்கு வரும் ஹதஹதா மீனுக்காகப் படகுகள் இரவுபகலாக ஐஸ் கேட்டன. எய்ஜி காலைமுறை முடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது தொமியே சொன்னாள்.

"எய்சான், ஆஸ்பத்திரி ஆபீசுல ஏதோ சலுகைச் சீட்டு கேக்குறாங்க. அதைக் காட்டினா பாதிதான் கட்டணுமாம். முத்திரையும் வேணுமாம்."

"எங்க இருக்கு?"

"மாடத்துக்குக் கீழ இழுப்பறையில. முத்திரை ஊதாப் பையில. சீட்டு ஒரு உறையில இருக்கும்." அவள் நின்று மூச்சு எடுத்தாள். "எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுடாதீங்க. நான் வரிசையா வெச்சிருக்கேன்."

"கலைக்கல."

கிளம்பும்போது சுவர்க் குழலைப் பார்த்து விரல் நீட்டினார். "ஆக்சிஜன், நாலு, சரி."

"போன வாரம் மூணுன்னீங்க" என்றாள் தொமியே. அவர் காதில் விழாததுபோல் நடந்தார்.

மறுநாள் காலை அவருக்கு விடுமுறை. மாடத்தின் முன் மண்டியிட்டு, மணியைத் தட்டி, இழுப்பறையைத் திறந்தார். கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரை கிடைத்தது. அதன் அடியில் உறைகள் ரப்பர் வளையம் போட்டு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் தொமியே பென்சிலால் தேதி எழுதியிருந்தாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. சலுகைச் சீட்டு எந்த உறையில் இருக்கிறதோ என்று மேலிருந்த உறையைக் கிழித்தார். அது சீட்டு அல்ல, செப்டம்பர் கணக்கின் அறிக்கை. பார்க்க வேண்டாம் என்றுதான் மடிக்கப் போனார். ஆனால் நாற்பத்திரண்டு வருடம் எண்ணைக் கண்டால் படித்தே பழகிய கண் அது.

எழுபத்தொரு லட்சத்து அறுபதாயிரம் யென்.

விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். நோட்டை எடுத்து அதே தேதியைப் பார்த்தார். அறுபத்தொரு லட்சத்து இருபதாயிரம். அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. மானி ஒன்று அளவுக்கு மேல் காட்டினால் எந்த ஐஸ் ஆலைக்காரனும் சந்தோஷப்பட மாட்டான், மானி கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பான். வேறு யாருடைய பணமோ தன் கணக்கில் வந்து சேர்ந்திருக்கிறது, அந்த ஆள் எங்கேயோ குறைகிறதே என்று தவித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தார். உறைகளையெல்லாம் ஒரு துணியில் மூட்டைகட்டி, நோட்டையும் எடுத்துக்கொண்டு கம்பெனி ஆபீசுக்கு நடந்தார். சீட்டைத் தேடவேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

ஆபீசில் ஹொம்மா மட்டும் இருந்தாள். ஐம்பது வயது, சம்பளம், விடுப்பு, காப்பீடு எல்லாம் அவள்தான் பார்ப்பவள். வாய் சற்று நீளம், ஆனால் யாருக்கும் வேலையை இழுத்தடிக்க மாட்டாள். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கெட்டிலை வைத்துவிட்டுச் சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தாள்.

"லீவு நாள்ல ஆபீசுக்கு வர்ற ஒரே ஆளு நீங்கதான் தொகாஷிசான். வீட்டம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்கா. ஹொம்மாசான், ஒரு தப்பு நடந்திருக்கு. இன்னொருத்தர் பணம் என் கணக்குல வந்திருக்கு. திருப்பி அனுப்பணும்."

ஹொம்மா கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தாள். "பேரு உங்க பேரு. பொறந்த தேதி உங்க தேதி. அதே நாள்ல பொறந்து அதே ஐஸ் ஆலையில வேலை பாக்குற இன்னொரு தொகாஷி எய்ஜி எங்க ஒளிஞ்சிருக்காரு?"

"விளையாடாதீங்க. பத்து லட்சம் கூட இருக்கு."

"எதைவிடக் கூட?"

அவர் நோட்டைத் திறந்து அவள் முன் வைத்தார். ஹொம்மா பக்கங்களைப் புரட்டினாள். பதினாலு வருடம். ஒரு நாள் விட்டுப்போகவில்லை. சிவப்பு மை எண்கள் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றன. அவள் முகத்தில் இருந்த கிண்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள். "இவ்வளவையும் கையால போட்டீங்களா?"

"நிக்கேய் ஏறினா இதுவும் ஏறும், அது இறங்கினா இதுவும் இறங்கும்னுதானே அந்த ஆளு சொன்னாரு."

"சொன்னாரு. நானும் அந்த ரூம்லதான் டீ குடுத்துக்கிட்டிருந்தேன். பாதிதான் சொன்னாரு." அவள் அவருக்கும் தேநீர் ஊற்றினாள். "உக்காருங்க. உங்க பெரியப்பா பேரிக்காய்த் தோட்டம் வெச்சிருந்தாருல்ல?"

"ஆமா."

"அந்தத் தோட்டத்தோட நிலம் இன்னைக்கு என்ன விலைக்குப் போகும்னு தினம் மூணு மணிக்கு ரேடியோ சொல்லுதுன்னு வெச்சுக்கோங்க. நிலத்து விலையை மட்டும். மரத்துல காய்ச்ச பழத்தைப் பத்தி அது ஒரு வார்த்தை சொல்லாது. நிக்கேயும் அப்படித்தான். கம்பெனிப் பங்குகளோட விலை மட்டும். ஆனா அந்தக் கம்பெனிங்க வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை லாபத்துல ஒரு பங்கைக் காசாக் குடுக்குமே, அது அந்த எண்ணுல கிடையாது."

"அந்தப் பழத்தை யாரு எடுத்துக்கிட்டாங்க?"

"யாரும் எடுத்துக்கல. அதை வித்த காசுல உங்க பேருலயே இன்னும் கொஞ்சம் தோட்டம் வாங்கிப் போட்டாங்க. வருஷா வருஷம். அந்தத் தோட்டத்துலயும் பழம் காய்ச்சுது."

எய்ஜி தேநீரைத் தொடவில்லை. "அப்ப சும்மா கூடிக்கிட்டே போச்சா?"

"சும்மா இல்ல. தோட்டத்தைப் பாத்துக்கிற கூலின்னு வருஷத்துக்கு நூறு யென்னுக்குக் கால் யென் அளவுக்கு எடுத்துக்கிட்டாங்க. அப்புறம், நீங்க சம்பளத் தேதி நிக்கேயை வெச்சுக் கணக்குப் போட்டிருக்கீங்க. நிஜமா வாங்கினது பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சுத்தான். அதுவரைக்கும் பணம் சும்மா உக்காந்திருக்கும். அதுல சில மாசம் லாபம், சில மாசம் நஷ்டம். இதெல்லாம் சில்லறை. பழம்தான் பெருசு. பதினாலு வருஷத்துப் பழம்." அவள் அறிக்கையின் கீழ்ப்பகுதியில் பொடி எழுத்தைக் காட்டினாள். "இங்க பாருங்க. இந்த நிதி பின்பற்றுற எண்ணே பழத்தையும் சேர்த்த எண். அதோட வெச்சுப் பார்த்தா உங்களது கூலி அளவுக்குக் கொஞ்சம் பின்னாலதான் நிக்குது. அந்த எண்ணை ரேடியோவுல வாசிக்க மாட்டாங்க."

"அப்ப இந்தப் பணம் என்னுதுதான்."

"ஒவ்வொரு யென்னும் உங்களுது. நல்ல சேதிதானே தொகாஷிசான்? எதுக்கு இப்படி மூஞ்சியை வெச்சுக்கிறீங்க?"

அடுப்பின் மேல் கெட்டில் கொதித்தது. வெளியே பனித்தூள் ஜன்னலில் மணல்போலச் சடசடத்தது. எய்ஜி மூட்டையை அவிழ்த்து உறைகளை மேசைமேல் வைத்தார்.

"எழுபதை முதல்ல தொட்டது எப்போன்னு பாத்துச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"பாத்துச் சொல்லுங்க."

ஹொம்மா காகிதக் கத்தியை எடுத்து, தொமியேயின் பென்சில் தேதியைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "இந்த வருஷ வசந்தம், அறுபத்தெட்டு. போன இலையுதிர்காலம், அறுபதுக்குப் பக்கம். அதுக்கு முன்னாடி, அதுவும் அறுபதுக்குப் பக்கம்தான்." சந்தை விழுந்த வருடம் அது. இன்னும் இரண்டு உறையைப் பிரித்தாள். இரண்டாவதில் இருந்த எண்ணை விரல் வைத்து இன்னொரு தடவை படித்தாள்.

"எழுபது லட்சத்து இருபதாயிரம்" என்றாள்.

"தேதி?"

"மார்ச் கடைசி. நீங்க அறுபது முடிச்ச வருஷம்."

தொமியே குச்சி இல்லாமல் கருவாட்டுக் கடைக்கு நடந்துபோன வசந்தம். கீழ்வீடு காலியாக இருக்கிறது என்று சிசுயே வாரம் ஒரு தடவை போன் செய்த வசந்தம். அன்றைக்கே கிளம்பியிருந்தால் சந்தை விழுவதற்கு முன்னால் பணம் கையில் வந்திருக்கும். இரண்டரை வருடம், இரண்டு முழுக் குளிர்காலம், மூன்று காய்ச்சல். எய்ஜி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். எண்களைக் கூட்டாமல் இருக்க அவருக்குத் தெரியாது. மார்புக்குள் ஏதோ குழாய் விட்டுப்போனதுபோல் இருந்தது.

ஹொம்மாவுக்கும் அப்போதுதான் விளங்கியது. தெற்கே போகும் கதை ஆலையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் உறையைக் கவிழ்த்து வைத்தாள்.

"தொகாஷிசான், அப்ப கிளம்பியிருந்தாலும் வியாதி வியாதிதான். தெக்க போனா பொழைச்சுடுவாங்கன்னு டாக்டர் கையில எழுதியா குடுத்தாரு?"

"இல்ல. எழுதிக் குடுக்கல."

"நீங்க யாரையும் ஏமாத்தல. ஒரு எண்ணைக்கூடத் தப்பா எழுதல."

"அதுதான். ஒரு எண்ணைக்கூடத் தப்பா எழுதல." அவர் உறைகளை அடுக்கி, ரப்பர் வளையத்தைப் போட்டார். எழுந்து குனிந்து, "சாப்பிடுற நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன்" என்றார். ஹொம்மா வாசல்வரை வந்து, வழுக்கும், பார்த்துப் போங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் தொமியேமேல் கோபப்பட்டுப் பார்த்தார். ஒரு உறையைத் திறந்திருக்கக் கூடாதா, நான் என்ன அடிக்கவா போகிறேன் என்று மனதுக்குள் கத்திப் பார்த்தார். கோபம் நிற்கவில்லை. பிரிக்கட்டுமா என்று ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டதுதான் நினைவுக்கு வந்தது. பேருந்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு எண்ணை வாசித்தார்கள். பதினாலு வருடத்தில் முதல்முறையாக அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

தொமியே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுக்கைக்குப் பக்கத்து மேசையில் ஒரு ஆரஞ்சு இருந்தது.

"சிசுயே இந்த வருஷம் சீக்கிரமே அனுப்பிட்டா. நர்சு ஒண்ணு எடுத்து வெச்சாங்க." அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சுக்கு இடம் விட்டுப் பேசினாள். "சீட்டு கிடைச்சுதா?"

எய்ஜி விழித்தார். "முத்திரை கிடைச்சுது."

"சீட்டு?"

"அது... நாளைக்குத் தேடுறேன்."

தொமியே அவரைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடம் பார்த்த முகம். பிறகு அவர் கையிலிருந்த துணிமூட்டையைப் பார்த்தாள். மூலையில் ஓர் உறை நீட்டிக்கொண்டிருந்தது. கிழிந்த உறை.

"திறந்துட்டீங்களா?"

அவர் அந்த உறையைத் துணிக்குள் தள்ளினார்.

"எய்சான், நான் ஒண்ணு சொல்லணும். இங்க வந்ததுலேர்ந்து தூக்கம் வர்றதில்ல. அந்த உறைங்களைப் பத்தியேதான் நினைக்கிறேன். அன்னைக்கு நான் ஒண்ணைத் திருட்டுத்தனமா பிரிச்சுப் பாத்திருந்தா என்ன? ஒருவேளை நோட்டுல இல்லாதது அதுல இருந்திருந்தா? எழுபது இருந்திருந்தா? கேட்டுக்கிட்டே இருந்தேனே தவிர, பிரிக்கலியே. நானே என் வெயிலை இழுப்பறையில பூட்டி வெச்சேனோன்னு..." மூச்சு போதவில்லை. குழலில் குண்டு நடுங்கியது. அவர் எழப்போனார். அவள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். "பாத்துட்டீங்கல்ல. என்ன இருந்துச்சு? வேலையில சொல்ற மாதிரியே சொல்லுங்க. விரலைக் காட்டிச் சொன்னாத்தான் நான் நம்புவேன்."

எய்ஜி மூட்டையை மடியில் வைத்து, அந்த மார்ச் மாதத்து உறையை எடுத்தார். தாளை விரித்து, எழுத்து தன் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டார். வலது கையை நீட்டினார். விரல் நடுங்கவில்லை, அது பழகிய விரல்.

"மார்ச். அறுபத்தொரு லட்சம். குறைவு."

"நோட்டும் அதுவும்?"

"ஒண்ணுதான். சரி."

தொமியே கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் பல நாளாக இருந்த இறுக்கம் தளர்ந்தது.

"அப்ப முடியாததுதான்" என்றாள். "எப்படிப் பாத்தாலும் முடிஞ்சிருக்காது. நல்லவேளை." கண்ணைத் திறக்காமலே, "அந்த ஆரஞ்சைக் கையில குடுங்க" என்றாள். அவர் தாளை மடியில் விட்டுவிட்டு இடது கையால் எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள்.

ஐந்து மணிக்கு நர்ஸ் விளக்கைப் போட வந்தபோது எய்ஜி அதே நாற்காலியில்தான் இருந்தார். தாள் மடியில் கிடந்தது. நீட்டிய விரலை இறக்க அவர் மறந்திருந்தார்.